சாதுவின் கண்ணில் பேயைக் கண்டவர்கள்

1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், நிலவு எழுந்த ஓர் இரவு, இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் மட்டக்களப்புக் கோட்டை வாசலை அடுத்த இறங்குதுறையிலிருந்து படகேறி வாவிக்குள் போனார். தண்ணீருக்கு அடியிலிருந்து இசை வருகிறது என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். விசாரித்தபோது மீனவர்கள் விவரம் சொன்னார்கள்: கோடையில்தான் கேட்கும், மழை வெள்ளம் வாவிக்குள் இறங்கினால் நின்றுவிடும், அழுவது ஊரி என்ற நத்தை வகை. படகின் பலகையில் காதை வைத்தபோது ஒலி இன்னும் பலமாகக் கேட்டது என்று டெனன்ட் எழுதி வைத்தார். மட்டக்களப்புக்கு வாய்த்த ‘மீன்பாடும் தேன்நாடு’ என்ற புகழை வெளியுலகுக்குக் கொண்டுபோன பதிவுகளில் அது முக்கியமானது.

அதே டெனன்ட் 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில் இன்னோர் இரவுப் பிராணியும் வருகிறது. சிலாபத்திலிருந்து அவருக்கு அனுப்பப்பட்ட ஒரு தேவாங்கு, கொழும்பில் அவரிடம் சில காலம் இருந்தது. சோறும் பழமும் தின்றது. எறும்பென்றால் அதற்குக் கொள்ளை ஆசை; பாலுக்கும் ஆவலோடு வந்தது. பகலெல்லாம் கம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றி, முதுகைப் பந்தாக வளைத்து, தலையைக் கால்களுக்கிடையில் புதைத்து உறங்கியது. இவ்வளவு சாதுவான உயிரைப் பற்றி ஊரார் சொன்னதாக அவர் இரண்டு சேதிகளைச் சேர்த்திருக்கிறார். இரவில் மயிலின் கழுத்தை நெரித்துக் கொன்று மூளையைத் தின்னும் என்பது ஒன்று. அதன் பெரிய கண்களை வசிய மருந்துக்கு எடுப்பதற்காக, விழிகள் வெடிக்கும் வரை அதை உயிரோடு நெருப்பில் பிடிப்பார்கள் என்பது மற்றது.

கால் கிலோ எடையைச் சுற்றி நிற்கும் தேவாங்கு, நான்கு கிலோவுக்கு மேல் வளரும் ஆண் மயிலை நெரித்துக் கொல்லும் என்பதை எவரும் நம்பத் தேவையில்லை. இரண்டாவது சேதியில் மனிதக் கை இருக்கிறது. தேவாங்கைச் சுற்றி எழுந்த திகில் கதைகள் முழுவதையும் புரிந்துகொள்ள இந்த இரண்டு சேதிகளும் போதும். கொலை செய்யும் பேயாக விலங்கு கற்பனையில் நிற்கிறது. கொலை நிஜத்தில் விலங்குக்கே நடக்கிறது.

இலங்கையில் தேவாங்கு இரண்டு இனம். செந்நிறத் தேவாங்கு ஈரவலயத்துக் காடுகளில் வாழ்வது. உலகில் வேறெங்கும் இல்லை. சற்றுப் பெரிதான சாம்பல் நிறத் தேவாங்கு தென்னிந்தியாவிலும் உண்டு. இலங்கையில் அதன் ஒரு வகை வடக்கு, கிழக்கு, வடமத்திய உலர்வலயக் காடுகளைத் தன் நிலமாகக் கொண்டது. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, சூரியன் மறையும் திசையில் கிடக்கும் படுவான்கரை அப்படிப்பட்ட நிலம். வயல், குளம், குளத்துக்கு அப்பால் பற்றைக்காடு, அதற்கப்பால் பெருங்காடு என்று அது குடும்பிமலை, தாந்தாமலைப் பக்கமாக விரிகிறது. விளைச்சல் காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவலாகப் பரணில் விழித்திருப்பவர்களும், மாட்டுப்பட்டிக்காரரும், தேனெடுக்கப் போவோரும்தான் அந்த இரவை அறிந்தவர்கள். தேவாங்கு நடமாடுவதும் அந்த இரவில்தான்.

இருட்டில் அது தன்னை எப்படிக் காட்டிக்கொள்கிறது என்று பார்த்தால் பயத்துக்கான காரணங்கள் ஒவ்வொன்றாக விளங்கும்.

முதலில் கண். தேவாங்கின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் உண்டு. உள்ளே வந்த சொற்ப வெளிச்சத்தை இரண்டாம் தடவை பயன்படுத்தி இருளில் பூச்சியைக் காண உதவுவது அதன் வேலை. அதே படலத்தினால்தான் ரோச் வெளிச்சம் பட்டதும் செம்மஞ்சள் தணல் இரண்டு பற்றைக்குள் எரிவதுபோலத் தெரிகிறது. மானுக்கும் மாட்டுக்கும்கூடக் கண் மின்னும். ஆனால் அவற்றின் கண்கள் முகத்தின் இரு பக்கமும் அமைந்தவை. தேவாங்கின் கண்கள் இரண்டும் முன்னோக்கியவை. பார்ப்பவரை நேருக்கு நேர் பார்க்கும். அந்தத் தணல் இமைக்காமல், அசையாமல் நிற்கும்போது, எதிரே ஒரு முகம் இருக்கிறது என்ற எண்ணம் தானாகவே வந்துவிடும்.

அடுத்தது அசைவு. மரநாய் ஓடும், அணில் தாவும், குரங்கு பாயும். தேவாங்கு இவை எதையும் செய்வதில்லை. ஒரு கையை நீட்டிக் கொப்பைத் தொட்டு, பிடித்து, பிறகுதான் அடுத்த கையை எடுக்கும். ஆபத்தென்று கண்டால் இருந்த இடத்திலேயே உறைந்துவிடும். அதன் கைகால்களில் இரத்தக் குழாய்கள் பின்னலாகப் பிரிந்து ஓடுவதால், தசை சோராமல் நெடுநேரம் ஒரே பிடியில் நிற்க அதற்கு முடியும். வேட்டையாடும் உயிர்கள் அசைவை வைத்தும் இரையைக் கண்டுபிடிக்கும் காட்டில் இது உயிர் காக்கும் உபாயம். மனிதருக்கு அது வேறாகத் தெரிகிறது. ஓடாத விலங்கு, பயப்படாத விலங்கு. பயப்படாத விலங்கு, விலங்கல்லாத ஏதோவொன்று.

விசில் இன்னொன்று. சாம்பல் நிறத் தேவாங்கு இரவில் கூர்மையாக, தூரத்துக்குக் கேட்கும்படி விசிலடிக்கும். தன் எல்லையை அயலுக்கு அறிவிக்கவும், விடியுமுன் கூட்டத்தோடு சேரவும் அந்தக் குரல் உதவுகிறது. ஆள் நடமாட்டமில்லாத பற்றையிலிருந்து அது வந்தால் என்ன நினைப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் உக்கிரமானது குட்டி. பிறந்து சில வாரங்கள் குட்டியைத் தன் உடம்பில் சுமக்கும் தாய், பிறகு மாலையானதும் அதை ஒரு கொப்பில் தனியே விட்டுவிட்டு இரைதேடப் போய்விடும். விடியற்காலையில்தான் திரும்பி எடுக்கும். தமிழ்நாட்டில் திண்டுக்கல் அருகேயுள்ள அய்யலூர்க் காட்டில் 1990களின் இறுதியில் மாதக்கணக்காக இரவிரவாகத் தேவாங்குகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த அன்னா நெக்காரிஸ், அப்படி விடப்பட்ட குட்டிகளிடம் கூட்டத்து ஆண்கள் வந்து விளையாடுவதையும் அவற்றோடு நேரம் செலவிடுவதையும் பதிவு செய்தார். ஒன்றையொன்று தேடிவந்து ஒரே பற்றையில் கூடி உறங்கும் குடும்பங்களை அவர் அங்கே கண்டார். இது தெரியாதவருக்குத் தெரிவது வேறு: நடுச்சாமம், மரத்தில் தனியே ஒரு குழந்தை, மனித விரல்களோடு.

ஜப்பானிய இயந்திர மனிதவியலாளர் மசாஹிரோ மோரி 1970இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை இங்கே பொருந்தும். ஒரு பொம்மையோ இயந்திரமோ மனிதரைப் போல ஆக ஆக நமக்கு அதன்மேல் பிரியம் கூடும். ஆனால் ஏறத்தாழ மனிதராகவே ஆகி, முழுதாக ஆகாமல் நிற்கும் இடத்தில் பிரியம் திடீரென்று அருவருப்பாகக் கவிழ்ந்துவிடும் என்றார் அவர். தேவாங்கு அந்த இடத்தில் நிற்கிறது. வாலில்லை. விரலுண்டு, நகமுண்டு. கண் முன்னோக்கியது. குரங்கைக் கண்டு சிரிக்கும் மனம், குரங்கின் தூரத்து உறவான இதைக் கண்டு சுருங்குகிறது.

திகில் கதை சொல்பவர்கள் சாது விலங்கை வெகுகாலமாகவே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். தமிழருக்கு மிகப் பழக்கமான உதாரணம் மாரீசன். கம்பனிலும் வால்மீகியிலும் வரும் அந்தப் பொன்மான் சீறவில்லை, முட்டவில்லை. துள்ளி விளையாடிக் காட்டி இராமனைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. இலக்குவனுக்கு மட்டும் சந்தேகம். அம்பு பட்டுச் சாகும் தறுவாயில் அந்த மானின் வாயிலிருந்து இராமனின் குரலே எழுகிறது. அரக்கரும் அத்திரங்களும் நிறைந்த காவியத்தில் உண்மையாக மயிர்க்கூச்செறியும் கணங்களில் இது ஒன்று. காரணம், அரக்கன் எடுத்த வடிவம் ஒரு மான். அவன் புலியாக வந்திருந்தால் சீதை அதைக் கேட்டிருக்கமாட்டாள்.

‘சாது மிரண்டால் காடு கொள்ளாது’ என்ற பழமொழியிலும் ஒரு திகில் கதை அடங்கியிருக்கிறது. ஆனால் சாதுவை மிரளவைத்துவிட்டால் மட்டும் பயம் வந்துவிடாது என்பதற்கு 1972இல் வந்த ‘நைட் ஒஃப் த லீபஸ்’ என்ற அமெரிக்கப் படம் சாட்சி. அதில் இராட்சத முயல்கள் ஊரை அழிக்கின்றன, பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிற்காலத்து இயக்குநர்கள் அந்தப் பாடத்தைக் கற்றிருந்தார்கள். ஜோர்டன் பீலின் ‘கெட் அவுட்’ படத்தில் (2017) காரில் அடிபட்ட மானின் முன் கதாநாயகன் நின்று பார்க்கிறான். அந்த மான் எவரையும் தாக்கவில்லை. இனி அவனுக்கு நடக்கப்போவதை அது முன்கூட்டிச் சொல்கிறது. 2016இல் வந்த கொரியப் படமான ‘ட்ரெயின் டு பூசான்’ ஆரம்பத்திலும் மான்தான். வாகனம் மோதி இறந்து கிடந்த மான் மெல்ல எழுந்து நின்று வெறித்துப் பார்க்கிறது. நோய் மனிதரிடம் வருமுன்பே பார்வையாளருக்குச் செய்தி வந்துவிட்டது. நல்ல திகில் கதையில் சாது விலங்கு பெரும்பாலும் சாட்சியாகவோ முதல் பலியாகவோதான் வருகிறது. மனிதர் செய்த ஏதோ ஒரு தவறு அதன் உடம்பில் முதலில் தெரிகிறது.

தேவாங்கின் கதை இதற்கு இன்னும் நெருக்கமானது. ஒரு வேறுபாடு மட்டும்: இங்கே கதை திரையில் நடக்கவில்லை.

அதற்குப் பேய்ப்பட்டம் சூட்டியவர்கள் கிராமத்து மக்கள் மட்டுமல்ல. உயிரினங்களுக்கு விஞ்ஞானப் பெயரிடும் முறையை நிறுவிய சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ், 1754இல் அரசர் அடொல்ப் பிரெடெரிக்கின் சேகரிப்புக்குப் பட்டியல் தயாரித்தபோது, இலங்கைக்கே உரிய செந்நிறத் தேவாங்கை ‘லெமூர்’ என்ற பெயரில் சேர்த்தார். பழைய ரோமரிடம் ‘லெமூரெஸ்’ என்றால் சாந்தியடையாத ஆவிகள். மே மாதத்தில் வீட்டுத் தலைவன் நள்ளிரவில் எழுந்து, கறுப்பு அவரை விதைகளை எறிந்து அவற்றை வெளியேற்றுவான். இரவில் உலவுவதாலும் மெதுவாக நடப்பதாலும் அந்தப் பெயரைத் தந்ததாக லின்னேயஸ் விளக்கினார். மடகஸ்காரின் லெமூர்கள் இன்று உலகப் புகழ் பெற்றவை. அந்தப் பெயரை முதலில் சுமந்தது இலங்கைத் தேவாங்கு.

பெயர் அத்தோடு நிற்கவில்லை. மடகஸ்காரிலும் இந்தியாவிலும் இவ்வகை உயிர்கள் இருப்பதை விளக்க, கடலில் மூழ்கிப்போன ஒரு நிலம் இருந்திருக்கவேண்டும் என்று ஆங்கிலேய விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் 1864இல் கருதினார். அதற்கு அவர் இட்ட பெயர் லெமூரியா. கண்டங்கள் நகர்கின்றன என்பது உறுதியான பிறகு விஞ்ஞானம் அதைக் கைவிட்டது. தமிழ் எழுத்தாளர்களோ அதற்குள் அதைக் குமரிக்கண்டத்தோடு இணைத்துத் தமது இழந்த தாய்நிலமாகவே கொண்டாடத் தொடங்கியிருந்தார்கள். லெமூரியாவைப் பற்றிப் பெருமையோடு பேசும் எத்தனையோ தமிழருக்கு, அந்தப் பெயரின் வேரில் தம் கொல்லைக் காட்டுத் தேவாங்கு குந்தியிருப்பது தெரியாது. இந்த விலங்கை நேசிக்க வேறு காரணம் கிடைக்காதவர்கள் இதையாவது எடுத்துக்கொள்ளலாம்.

இனி வசியத்துக்கு வரவேண்டும். மட்டக்களப்பைப் பற்றி எழுதும்போது அதைத் தவிர்க்கமுடியாது. ‘மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்’ என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பேச்சு நெடுங்காலமாக உண்டு. உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் போன ஆண்கள் அங்கேயே மணம் முடித்து ஊர் திரும்பாமல் போனதற்கு, மருந்து, மந்திரம், வசியம் என்று காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் வெளிப்படையாகவே இருந்தது. மட்டக்களப்பில் குடி தாய்வழியே வருவது. வீடும் வயலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மணமகன் பெண் வீட்டில் வந்து வாழ்வான். இந்தச் சமூக அமைப்பை டெனிஸ் மக்கில்வ்ரே தம் நெடுநாள் கள ஆய்வைத் தொகுத்து 2008இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். நல்ல நிலம், அன்பான உபசரிப்பு, பெண்ணின் கையில் சொத்து. தங்கிவிட இவை போதும். ஆனாலும் வெளியாருக்கு அது சூனியமாகத்தான் தெரிந்தது. புரியாத சாதுத்தனத்தைப் பேயின் வேலை என்று சொல்லும் பழக்கம் விலங்குகளோடு மட்டும் நிற்பதில்லை என்பதற்கு இந்த ஊரே உதாரணம்.

தேவாங்கின் கண் வசிய மருந்துக்கு உதவும் என்ற நம்பிக்கை இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பரவலாக இருந்தது. கண்ணீரும் கண்ணும் பார்வை நோய்க்கு மருந்தென்றும் நம்பினார்கள். தமிழ்நாட்டில் அதைப் பிடித்துக்கொண்டு திரிந்து, சீட்டெடுக்கவைத்துச் சோதிடம் சொன்னவர்களும் உண்டு. தென்னிந்தியாவில் தேவாங்கின் நிலையை ஆராய்ந்து 2013இல் வெளியான ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே பணம், துரதிர்ஷ்டம், கன்னியாகவே நின்றுவிடுதல் ஆகிய மூன்றும் இருந்தன. ஒரே விலங்கு ஒருவருக்கு மாந்திரீகச் சந்தையில் விலை போகும் சரக்கு, இன்னொருவருக்குக் கண்ணில் படக்கூடாத அபசகுனம், வேறொரு வீட்டில் மகளின் கல்யாணத்தைத் தடுக்கும் தோஷம். பெங்களூர்ப் பக்கத்தில் ஊசி குத்தப்பட்ட, சூடு வைக்கப்பட்ட தேவாங்குகள் மீட்கப்பட்ட செய்திகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. எதிரியின் உடம்பில் எந்த இடம் நோகவேண்டுமோ அந்த இடத்தை இதன் உடம்பில் காயப்படுத்துவது அங்கே செய்வினைக்காரரின் முறை.

திகில் படம் எடுக்கும் எவரும் இதைவிடக் கொடூரமான காட்சியை யோசிக்கமுடியாது. சூடு வைக்கப்படும்போது அது திருப்பித் தாக்குவதில்லை. கொழும்பு நூதனசாலையின் சஞ்சிகையில் 1905இல் ஜோன் ஸ்டில் எழுதிய குறிப்பொன்று உண்டு. அவர் வளர்த்த தேவாங்கு, சினந்தபோது பின்னங்காலில் எழுந்து, சீறி, அரையிருளில் படமெடுத்த நாகம் போலத் தோன்றியதாம். அதனிடம் உள்ள மிகப் பெரிய ஆயுதம் அந்தப் பாவனைதான். தென்கிழக்காசியாவில் வாழும் அதன் உறவினமான மெதுநடைத் தேவாங்குக்கு முழங்கை அருகே நச்சுச் சுரப்பி உண்டு. நம்முடைய தேவாங்குக்கு அப்படி நஞ்சு இருப்பதாக அறியப்படவில்லை. பழமொழி சொல்வதுபோல மிரண்டு காட்டை நிறைக்க அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது அசையாமலிருப்பது. பிடிப்பவனுக்கு அது மிகவும் வசதியாகப் போய்விடுகிறது.

மடகஸ்காரில் ‘ஐ-ஐ’ என்ற விலங்குக்கும் இதே கதி. இரவில் திரிந்து, மெல்லிய நீண்ட நடுவிரலால் மரத்தைத் தட்டிப் புழுவைத் தோண்டித் தின்னும் சாதுவான லெமூர் அது. அந்த விரலால் யாரைச் சுட்டுகிறதோ அவர் சாவார் என்ற நம்பிக்கையில் பல ஊர்களில் கண்டவுடன் கொன்றார்கள். 1930களில் அது அழிந்துவிட்டதாகவே எண்ணப்பட்டது. 1957இல் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டது. 1966இல் ஒன்பது ஐ-ஐகளைப் பிடித்து நோசி மங்காபே என்ற தீவில் விட்டுக் காப்பாற்றவேண்டியிருந்தது. மரணத்தின் தூதன் என்று பெயர் வாங்கிய விலங்குக்கு, மனிதரிடமிருந்து ஒளித்துவைக்க ஒரு தீவு தேவைப்பட்டது.

மட்டக்களப்பு வாவியின் இசைக்கு வந்த அதிர்ஷ்டம் தேவாங்கின் விசிலுக்கு ஏன் வரவில்லை? இரண்டும் இரவின் குரல்கள். இரண்டும் எங்கிருந்து வருகின்றன என்று கண்ணுக்குத் தெரியாதவை. தண்ணீருக்கடியில் ஏதோ முனகுகிறது என்பதும் பேய்க்கதைக்கு ஏற்ற விஷயம்தான். இறந்தவர்களின் அழுகை என்று ஒரு கதை எழுந்திருந்தால் எவரும் ஆச்சரியப்படமாட்டார்கள். ஆனால் வாவி மக்களுக்கு அன்னம். தோணிக்காரர் ஒவ்வொரு இரவும் அதன்மேல் போய்வந்தார்கள். ஒலி எந்த இடத்தில் பலமாகக் கேட்கும், எந்த மாதத்தில் நிற்கும் என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டு அறிந்திருந்தார்கள். தண்டை நீரில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கும் வழக்கம் வந்தது. பிற்காலத்தில் இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவுசெய்தார். இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. மீனும் மீன்மகளும் ஊரின் சின்னங்களாயின. பழகிய இடத்தின் குரல் பாட்டாக மாறியது. காட்டின் குரலை நோக்கி அப்படி யாரும் போகவில்லை.

போகாததற்கும் நியாயம் உண்டு. மூன்று தசாப்த காலப் போரில் படுவான்கரைக் காட்டில் இரவு என்பது விலங்குகளின் விஷயமாக இருக்கவில்லை. பற்றை அசைந்தால் அங்கே ஆயுதம் இருக்கலாம், விசில் கேட்டால் அது சைகையாக இருக்கலாம். போர் முடிந்து இரண்டு ஆண்டுகளில், 2011 ஓகஸ்டில், ‘கிறீஸ் பூதம்’ என்ற பீதி கிழக்கு மாகாணம் முழுவதையும் ஆட்டியது. உடம்பெங்கும் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வீடு புகும் மர்ம மனிதர் என்றார்கள். பெண்கள் அந்திப் பொழுதிலேயே கதவைச் சாத்திக்கொண்டார்கள், இளைஞர்கள் பொல்லோடு காவல் நின்றார்கள், பொதுமக்களும் படையினரும் மோதிக்கொண்டார்கள். பூதம் என்று சொன்னாலும் எல்லோரும் தேடியது ஒரு மனிதனைத்தான். இருளில் பதுங்குவது மனிதன் என்று பழகிப்போன மண்ணில், அசையாமல் பார்க்கும் இரண்டு கண்களை அன்போடு பார் என்று யாரிடமும் எளிதாகக் கேட்டுவிடமுடியாது. அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அநியாயம். ஆனால் அது பட்டறிந்து பெற்ற பயம் என்பதனாலேயே, அதற்குத் தேவாங்கைப் பொறுப்பாக்கவும் கூடாது.

சிங்களத்தில் உனஹபுளுவா என்று அழைக்கப்படும் இதே விலங்கைப் பற்றி ஒரு பழமொழி உண்டு: உனஹபுளுவாவுக்கும் தன் குட்டி மாணிக்கம். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது போன்றது. அழகற்றதுக்கு உதாரணமாகத்தான் அதைச் சொல்கிறார்கள். ஆனால் அதற்கும் தாய்மை உண்டென்பதை அந்தப் பழமொழி ஒப்புக்கொண்டிருக்கிறது. கொப்பில் தனியே இருக்கும் குட்டியைக் கண்டவர் எவரும் முதலில் நினைக்கவேண்டியது அதைத்தான். அது கைவிடப்பட்ட குட்டியல்ல. தாய் விடியுமுன் வரும். இரக்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டுபோவதும் அதற்குக் கொலைதான்.

மனம் மாறமுடியும் என்பதற்குச் சான்று பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. 2022 ஒக்டோபரில் தமிழ்நாடு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேயர் நிலத்தைக் கடவூர்த் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் அது. பயிரைத் தின்னும் பூச்சிகளை இது தின்கிறது என்ற செய்தி விவசாயிகளிடம் எடுத்துச் சொல்லப்பட்டது. மயில் மூளை தின்னும் என்ற கதைக்கு, அது உண்மையில் தின்பது எறும்பும் கறையானும் வண்டும் வெட்டுக்கிளியும் என்ற தகவலைவிட நல்ல பதில் இல்லை. நச்சுள்ள பூச்சிகளையும் அது விடுவதில்லை. அவற்றை உண்ணுமுன் தன் சிறுநீரையே கைகால்களில் பூசிக்கொள்ளும். கடியின் எரிச்சலைத் தணிக்க அது உதவலாம் என்று ஆய்வாளர் கருதுகிறார்கள்.

இலங்கையிலும் மறந்துபோன ஒன்று மீண்டு வந்திருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியின் குளிர் காட்டில் வாழும், அடர்ந்த உரோமமுள்ள செந்நிறத் தேவாங்கு வகை 1937க்குப் பிறகு விரல் விட்டு எண்ணத்தக்க தடவைகளே கண்ணில் பட்டது. அழிந்துவிட்டதென்றே நம்பியிருந்தார்கள். 2002இல் ஒருமுறை தென்பட்டது. பின்னர் இலங்கைத் திறந்த பல்கலைக்கழக ஆய்வாளரும் லண்டன் விலங்கியல் சங்கத்தாரும் இரவிரவாகத் தேடி முதன்முதலாக அதைப் படம் பிடித்தார்கள். அந்தப் படங்கள் 2010இல் வெளிவந்தபோது உலகம் முழுவதும் அது செய்தியாயிற்று.

உலர்வலயத் தேவாங்குக்கு அப்படியொரு வெளிச்சம் இன்னும் விழவில்லை. சட்டம் அதைப் பாதுகாக்கிறது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பிடிப்பதும் வளர்ப்பதும் கொல்வதும் குற்றம். ஆனால் சட்டத்தால் தடுக்கமுடியாத சாவுகள் உண்டு. தேவாங்குக்குத் தாவத் தெரியாது. கொப்போடு கொப்பு தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகும். பற்றையை வெட்டி வெளியாக்கினால், வேலியோரக் கிளுவையையும் முட்புதரையும் துப்புரவு செய்து கம்பி வேலி போட்டால், அதற்குத் தரையில் இறங்குவதைத் தவிர வழியில்லை. தரையில் நாயும் வீதியும் இருக்கின்றன. மேலே எஞ்சியிருப்பது மின்கம்பி. கம்பியைக் கொப்பென்று எண்ணிப் பிடித்து அவை சாகின்றன.

ஆகவே படுவான்கரையில் செய்யவேண்டிய வேலை பெரிய செலவுள்ளதல்ல. தேவாங்கைக் கணக்கெடுக்கும் முறை எளிது: நெற்றி விளக்குக்குச் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளவேண்டும், சிவப்பு வெளிச்சம் அதன் கண்ணைக் கூசவைக்காது. இருட்டிய பின் காட்டோரப் பாதையில் மணிக்கு ஒரு கிலோமீற்றர் வேகத்துக்கு மேற்படாமல் நடந்து, இருபுறமும் கண் மின்னும் இடங்களைக் குறிக்கவேண்டும். விசிலைக் கேட்கும் இடங்களையும் குறிக்கவேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது; அதன் விலங்கியல் மாணவர்களுக்கு இதைவிட அருகில் ஒரு களம் கிடைக்காது. எந்தப் பற்றையில் எது இருக்கிறது என்று பட்டிக்காரருக்கும் வயற்காவலருக்கும் ஏற்கனவே தெரியும். மாணவர்கள் முதலில் போய்க் கேட்கவேண்டியவர்கள் அவர்கள்தான், டெனன்ட் மீனவரிடம் கேட்டதுபோல. எந்தக் குளக்கட்டில் அந்த விசில் கேட்கிறது, எந்த மாதத்தில் கூடுதலாகக் கேட்கிறது, குட்டிகள் எப்போது கண்ணில் படுகின்றன, எந்த வேலி வெட்டிய பிறகு காணாமற் போயின என்று எழுதிக்கொண்டு வந்தால், உன்னிச்சையிலிருந்து வெல்லாவெளி வரைக்கும் முதல் வரைபடம் ஒன்று தயாராகிவிடும். மின்கம்பிக்கு உறை போடவேண்டிய இடங்களையும், வெட்டாமல் விடவேண்டிய வேலிகளையும் அதை வைத்தே பிரதேச சபைகளிடம் கேட்கலாம்.